தறிக்கு பக்கத்தில் தூங்கும் தங்கங்கள்: கோடையில் கைக்குழந்தையை பாதுகாப்பது எப்படி?

ஆரணி:

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணியிலும் சுற்றியுள்ள கிராமங்களிலும் பட்டு நெசவு வீட்டுக்கு வீடு நடக்கும் தொழில். சித்திரை, வைகாசி வந்துவிட்டால் ஒரு பக்கம் முகூர்த்த சீசன். இன்னொரு பக்கம் கத்திரி வெயில். பக்கத்தில் உள்ள வேலூரில் வெயில் "சதம் அடித்தது" என்று செய்தி வருவது வருஷா வருஷம் நடப்பதுதான். ஆரணியும் அதே அனலில்தான் வேகும்.

பெரியவர்கள் மோரையோ, இளநீரையோ குடித்து சமாளித்து விடுவார்கள். தறி மேடைக்கு பக்கத்தில் தூளியில் கிடக்கும் 3 மாத குழந்தை என்ன செய்யும்? அழத்தான் தெரியும். அந்த அழுகையும் தறிச்சத்தத்தில் கேட்காமல் போகலாம்.

பச்சிளம் குழந்தையின் உடம்பு சீக்கிரம் சூடேறி விடும். எடையோடு ஒப்பிட்டால் அதன் தோல் பரப்பு அதிகம். வேர்த்து உடம்பை குளிர வைக்கும் சக்தியோ குறைவு. போர்வையை உதறவும் தெரியாது, "தாகம்" என்று கேட்கவும் தெரியாது. அதனால் பெரியவருக்கு "கொஞ்சம் புழுக்கம்" என்று தோன்றும் அறை, குழந்தைக்கு ஆபத்தான அறையாக இருக்கலாம்.

தூளி எங்கே தொங்குகிறது?

தறி போட்ட வீடுகளில் ஜன்னலை முழுசாக திறப்பது குறைவு. பாவு நூல் காய்ந்தால் அறுந்து போகும். காற்றில் அலைந்தாலும் தொல்லை. அதனால் மின்விசிறியை தறிப்பக்கம் திருப்பாத வீடுகளும் உண்டு. குழித்தறியில் மண்ணின் ஈரம் நூலை காப்பாற்றும். நூலுக்கு நல்லதாக இருக்கும் அந்த காற்றோட்டம் இல்லாத அறை, குழந்தைக்கு நல்லதல்ல.

மேலே ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகர கூரை என்றால் கேட்கவே வேண்டாம். மதியம் 12 மணிக்கு மேல் கூரையே அடுப்பு மாதிரி அனலை கீழே இறக்கும். தூளியை உயரமாக கட்டினால் குழந்தை அந்த அனலுக்கு பக்கத்தில் போய்விடுகிறது. வீட்டிலேயே குளிர்ச்சியான இடம் சிமெண்ட் தரைதான். மதிய நேரத்திலாவது தறி அறையை விட்டு வெளியே, காற்று வரும் நடையிலோ தாழ்வாரத்திலோ பாய் விரித்து, மெல்லிய பருத்தி துணி போட்டு, குழந்தையை மல்லாக்க படுக்க வையுங்கள். தலையணை வேண்டாம்.

"தரையில் விட்டால் எறும்பு, பூச்சி பொட்டு கடிக்குமே" என்று கேட்பார்கள். நியாயமான பயம்தான். தூளி கட்டும் பழக்கம் வந்ததற்கே அதுவும் ஒரு காரணம். குடை மாதிரி விரியும் குழந்தை கொசுவலை கடைகளில் கிடைக்கிறது. அதை கவிழ்த்து விட்டால் போதும்.

தூளியில்தான் தூங்கும் என்று அடம்பிடிக்கும் குழந்தைக்கு பழைய பருத்தி சேலையை கட்டுங்கள். நைலான், பாலியஸ்டர் சேலை வேர்வையை உறிஞ்சாது, வழுக்கவும் செய்யும். துணி இரண்டு பக்கமும் மூடிக்கொள்ளாமல் விரித்து பிடிக்க குறுக்கே கட்டை வைக்க வேண்டும். தாடை நெஞ்சில் இடிக்கிற மாதிரி குழந்தை சுருண்டு கிடந்தால் மூச்சு தடைபடும். எட்டி எட்டி பார்த்து நேராக்கி விடுங்கள்.

வெளிச்சம் படக்கூடாது, கண் படக்கூடாது என்று தூளி மேல் இன்னொரு துணியை போட்டு மூடுவது கூடவே கூடாது. உள்ளே காற்று நின்றுபோய் சூடு ஏறும். ஈரத்துணி போட்டு மூடினாலும் புழுக்கம்தான். ஈரத்துணியை காற்று வரும் ஜன்னலில் தொங்க விடுங்கள், குழந்தை மேல் வேண்டாம்.

மின்விசிறி ஓடினால் நல்லது. ஆனால் அறைக்காற்றே அனலாக இருந்தால் அது அனலைத்தான் வீசும். அந்த நேரத்தில் சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் குழந்தையின் உடம்பை துடைத்து விட்டு, அப்புறம் காற்று பட விடுங்கள். குழந்தைக்கு சூடாக இருக்கிறதா என்று கையை தொட்டு பார்த்து பிரயோஜனம் இல்லை. பிடரியிலும் நெஞ்சிலும் கை வைத்து பாருங்கள்.

தண்ணீர் கொடுக்கலாமா?

கோடையில் வீட்டுக்கு வீடு நடக்கும் சண்டை இது. "வெயிலுக்கு புள்ளைக்கு தொண்டை வறண்டு போகும், ரெண்டு சங்கு தண்ணி ஊத்து" என்பார் பாட்டி. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், தண்ணீர் கூட வேண்டாம் என்பதே உலக சுகாதார நிறுவனம் சொல்வது. தாய்ப்பாலில் 100-க்கு சுமார் 88 பங்கு தண்ணீர்தான். தண்ணீர் கொடுத்து வயிறு நிரம்பினால் பால் குடிப்பது குறையும். தண்ணீர் சுத்தமாக இல்லை என்றால் பேதியும் வரும்.

அதற்கு பதில், அடிக்கடி பால் கொடுக்க வேண்டும். தாய்க்குத்தான் தண்ணீர் அதிகம் வேண்டும். தார் சுற்ற உட்கார்ந்தால் நேரம் போவதே தெரியாது. ஒரு சொம்பு தண்ணீரை ராட்டைக்கு பக்கத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறை பால் கொடுக்கும்போதும் ஒரு டம்ளர்.

பால் போதுமா என்பதற்கு கணக்கு சுலபம். ஒரு நாளைக்கு 6 முறைக்கு மேல் சிறுநீர் போனால் கவலை இல்லை. கோமணம் நனையாமலே மணிக்கணக்கில் இருந்தால் கவனியுங்கள்.

6 மாதம் தாண்டியவர்களுக்கு காய்ச்சி ஆறிய தண்ணீர் கொடுக்கலாம். நுங்கை தோல் எடுத்து நன்றாக மசித்து கொடுக்கலாம். தர்பூசணி கொடுத்தால் விதை ஒன்று கூட இருக்கக்கூடாது. ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவுவதும் வேண்டாம்.

வசம்பு, சாம்பிராணி, விளக்கெண்ணெய்

பேர் சொல்லக்கூடாது என்று நம்மூரில் "பிள்ளை வளர்ப்பான்" என்றே சொல்லும் வசம்பை உரசி ஊற்றுவது, குளிப்பாட்டியதும் மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட்டு ஊதுவது, இதெல்லாம் எந்த காலத்திலும் வேண்டாம் என்கிறார்கள் குழந்தை டாக்டர்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். காற்றில்லாத அறையில் சாம்பிராணி புகையும் குழந்தையின் மூச்சுக்கு கெடுதல்.

கோடை லீவில் "வயிறு சுத்தமாகட்டும்" என்று விளக்கெண்ணெய் கொடுத்து பேதியாக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. பெரிய பிள்ளைக்கு கொடுக்கும்போது கைக்குழந்தைக்கும் அரை சங்கு ஊற்றி விடுகிறார்கள். வெயிலில் ஏற்கனவே நீர் வற்றும் உடம்பில் இருந்து மிச்ச நீரையும் வெளியேற்றும் வேலை இது.

வேர்க்குருவுக்கு பவுடரை கொட்டாதீர்கள். அந்த தூள் மூச்சில் போகும். காலையும் மாலையும் குளிப்பாட்டி, மடிப்புகளில் ஈரம் இல்லாமல் ஒற்றி, தொளதொள பருத்தி சட்டை போட்டால் தானாக அடங்கும். வீட்டுக்குள் சட்டையே இல்லாமல் விட்டாலும் தப்பில்லை.

பேதி பிடித்தால்

ஓ.ஆர்.எஸ். பாக்கெட் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். பெரிய பாக்கெட்டை 1 லிட்டர் சுத்தமான தண்ணீரில் முழுசாக கரைக்க வேண்டும். "இன்னைக்கு பாதி, நாளைக்கு பாதி" என்று கண் அளவில் பிரித்தால் உப்பு அளவு மாறி ஆபத்தாகிவிடும். 2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 50 முதல் 100 மில்லி, கரண்டி கரண்டியாக. தாய்ப்பாலை நிறுத்தக்கூடாது. கரைத்த தண்ணீரை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது.

கடையில் கலர் கலராக டப்பாவில் விற்றதெல்லாம் ஓ.ஆர்.எஸ். அல்ல. சர்க்கரை அதிகமான பானங்கள் அந்த பெயரை போட்டுக்கொண்டு விற்பனை ஆனதால், உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி இல்லாத எதிலும் அந்த பெயரை போடக்கூடாது என்று மத்திய உணவு பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவு போட்டது.

லீவில் அக்காதான் காவல்

அப்பா தறியில், அம்மா தாரில். பள்ளிக்கூடம் லீவு என்பதால் குழந்தை 8 வயது அக்கா கையில். அழுதால் சமாதானம் செய்வதும், விளையாட்டு காட்டுவதும் அவள்தான். பாவம், அவளும் குழந்தைதானே?

குழந்தைக்கு விளையாட்டு காட்ட செல்போன் தேவையில்லை. பனையோலை கிலுகிலுப்பை போதும். முந்தானையால் முகத்தை மூடி திறந்து காட்டினால் சிரிப்பு கொட்டும். சாயங்காலம் ஒரு தாம்பாளத்தில் துளி தண்ணீர் ஊற்றி கையால் அடிக்க விட்டால் உடம்பும் குளிரும். தறிச்சத்தமே தாலாட்டாக தூங்கிப்போகும் பிள்ளைகளும் இங்கே உண்டு.

ஆனால் தண்ணீர் விளையாட்டு முடிந்ததும் கவிழ்த்து கொட்டிவிட வேண்டும். வாளியில் கொஞ்சம் தண்ணீர் இருந்தால் கூட தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழுந்திருக்க முடியாது. வெயில் காலத்தில் தண்ணீர் பிடித்து வைக்கும் அண்டா, டிரம் எல்லாவற்றுக்கும் மூடி வேண்டும்.

தவழும் குழந்தைக்கு தறிக்குழியும் ஒரு கிணறுதான். நெய்யாத நேரத்தில் பலகை போட்டு மூடுங்கள். ஜரிகை துண்டு, ஊசி, நூல் கண்டு எதுவும் தரையில் கிடக்க வேண்டாம்.

இன்னொன்று. சேலை தொட்டிலில் விளையாடிய சிறுவன் கழுத்து இறுகி பலி என்ற செய்தியை வாசகர்கள் எத்தனை முறை படித்திருப்பீர்கள்! பள்ளி லீவு, பெரியவர்கள் வேலையில், தொட்டில் காலி, பிள்ளைகள் அதில் முறுக்கி சுற்றுகிறார்கள். நொடியில் நடந்து விடுகிறது. கைக்குழந்தையை தூளியில் இருந்து எடுத்ததும் சேலையை சுருட்டி மேலே தூக்கி கட்டி விடுங்கள்.

இதில் தாயை மட்டும் குறை சொல்வது சுலபம். சேலை முடிந்தால்தான் கூலி. அங்கன்வாடியில் 2 வயது தாண்டினால்தான் விட முடியும். கைக்குழந்தைக்கு வீட்டை விட்டால் வேறு போக்கிடம் இல்லை. வெயிலை வீட்டு வேலை மாதிரி பிரித்துக்கொள்வதுதான் வழி. 12 மணி முதல் 3 மணி வரை தறியை நிறுத்தி, அதிகாலையிலும் மாலையிலும் நெய்தால் அந்த மூன்று மணி நேரம் குழந்தைக்கு அப்பா கிடைப்பார்.

உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டியது எப்போது?

உச்சிக்குழி பள்ளமாக தெரிவது, வாய் உலர்வது, அழுதால் கண்ணீர் வராதது, பால் குடிக்காமல் துவண்டு கிடப்பது, எழுப்பினாலும் முழிக்காதது. 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் இருந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டும். "உரம் விழுந்திருக்கு", "தொக்கம் எடுக்கணும்" என்று அரை நாளை போக்கி விடாதீர்கள்.

உடம்பு நெருப்பாக கொதித்தால் துணியை கழற்றி, நிழலில் வைத்து, சாதாரண தண்ணீரில் உடம்பை நனைத்து விசிறுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். மயங்கிய குழந்தையின் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 108-க்கு போன் செய்யுங்கள். ஆரணியிலேயே அரசு ஆஸ்பத்திரி இருக்கிறது. மேல் சிகிச்சை தேவை என்றால் அடுக்கம்பாறையில் உள்ள வேலூர் அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி, திருவண்ணாமலை அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி என இரண்டும் உள்ளன. போகும் வழியிலும் துடைப்பதை நிறுத்த வேண்டாம்.