‘தூங்கும்’ குஞ்சுக்கு என்ன சீக்கு?

சிறகைத் தொங்கவிட்டு, இறகைச் சிலிர்த்து, கண்ணை மூடி ஓரமாக நிற்கும் குஞ்சைப் பார்த்தால் ‘கோழி தூங்குது’ என்பார்கள் ஊரில். அடுத்த நிமிஷம் வீட்டில் மீந்த மாத்திரையில் பாதி அதன் வாய்க்குள் போய்விடும். சளியோ, இரத்தக்கழிச்சலோ, புழுவோ, உண்ணியோ, எது வந்தாலும் குஞ்சு நிற்கிற கோலம் இதேதான். அதனால் மருந்தைத் தேடுவதற்குமுன் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும், கேட்கவும் வேண்டும்.

இருட்டிய பிறகு காதைக் கொடுங்கள்

பகலில் கீச்கீச் சத்தத்தில் எதுவும் தெரியாது. குஞ்சுகள் பஞ்சாரத்தில் அடங்கியபின் பக்கத்தில் போய்ச் சும்மா இருங்கள். நல்ல குஞ்சின் மூச்சு காதில் விழாது. தும்மலும் ஈரமான ‘கறகற’வும் கேட்டால் சளி. காலையில் கண்ணோரம் நுரை இருக்கிறதா என்று பாருங்கள். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிரியாக இருக்கலாம். அது தாய்க்கோழியின் முட்டை வழியாகவே குஞ்சுக்கு இறங்கும். மருந்தில் சளி அடங்கினாலும் கிருமி உடம்பில் தங்கிவிடக்கூடும். அப்படிப்பட்ட கோழியின் முட்டையை அடைக்கு வைக்காதீர்கள்.

உச்சி வெயிலில் வாயைத் திறந்து இளைப்பது சீக்கு அல்ல. கோழிக்கு வியர்க்காது, வாய்வழியாகத்தான் சூட்டைத் தள்ளும். விடிகாலைக் குளிரிலும் கழுத்தை நீட்டி வாய் பிளந்தால்தான் கவலை. பொரித்த சில நாளிலேயே, கறகறப்பு இல்லாமல் இப்படி மூச்சு வாங்கிச் செத்தால், கீழே விரித்த வைக்கோலையோ மரத்தூளையோ முகர்ந்து பாருங்கள். பூஞ்சணம் நுரையீரலில் இறங்கியிருக்கலாம். அதற்கு ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. கொஞ்சம் வளர்ந்த குஞ்சு தலையை உதறி உதறி வாய் பிளந்தால் மூச்சுக்குழல் புழுவையும் சந்தேகிக்கலாம். ஆணும் பெண்ணும் ஒட்டியே இருக்கும் இந்தச் சிவப்புப் புழு பார்க்கக் கவட்டை போலிருக்கும். மண்புழு, நத்தையைக் கொத்தித் தின்பதாலும் வரும்.

எச்சம் சொல்வது

மூன்று வாரம் முதல் இரண்டு மாதம் வரையிலான குஞ்சுகளைக் கொண்டுபோவதில் இரத்தக்கழிச்சல் முக்கியமானது. எச்சத்தில் இரத்தம், வெளுத்த கொண்டை, குறுகி நிற்பது. அதன் ஒட்டுண்ணி வெதுவெதுப்பும் ஈரமும் கிடைத்தால் ஒன்றிரண்டு நாளில் தொற்றும் நிலைக்கு வந்துவிடும். தண்ணீர்த் தட்டைச் சுற்றி நனைந்து கிடக்கும் தரைதான் அதன் விளைநிலம்.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நல்ல கோழியும் நாளில் சில தடவை பழுப்பாக, களிபோல, நாற்றத்தோடு எச்சமிடும். அது சீக்கு இல்லை.

இரத்தக்கழிச்சலுக்கு மருத்துவர் எழுதித்தரும் ஆம்ப்ரோலியம், பி1 வைட்டமினைப் போல நடித்து ஒட்டுண்ணியைப் பட்டினி போடும் மருந்து. தெம்புக்கு இருக்கட்டும் என்று நானும் ஒருமுறை கூடவே பி-காம்ப்ளெக்ஸ் டானிக் ஊற்றியிருக்கிறேன். ஒட்டுண்ணிக்கு நானே சோறு போட்ட கதை அது.

தீனி எடுத்தும் நெஞ்செலும்பு கத்திபோலத் துருத்தினால் குடற்புழுவை நினைக்க வேண்டும். கால்நடை மருந்தகத்தில் எச்சத்தைப் பரிசோதித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

டார்ச்சும் விரலும்

பேன் எப்போதும் கோழி மேலேயே வாழும். ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கினால் ஓடும். இறகடியில் முட்டைக் கொத்து தெரியும். இரத்தம் குடிக்கும் சிவப்புச் செள்ளு அப்படியல்ல. பகலில் மூங்கில் இடுக்கில் ஒளிந்துகொண்டு இரவில் ஏறும். பகலில் கோழியை எத்தனை தடவை புரட்டிப் பார்த்தாலும் அகப்படாது. இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். அது இருந்தால் கோழிக்கு மட்டும் மருந்து போட்டுப் பயனில்லை; கூண்டின் இடுக்குக்கும் போட வேண்டும்.

காத்திருக்கக் கூடாத நேரம்

வெள்ளையும் பச்சையுமாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்து முறுக்கினால் வெள்ளைக்கழிச்சல். மருத்துவர்கள் ராணிகேத் என்பார்கள். வந்தபின் மருந்து கிடையாது. ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ சொட்டு மருந்து, எட்டாம் வாரம் ஊசி, இவைதான் காவல்.

ஒரே நாளில் பல கோழிகள் விழுந்தால் பறவைக்காய்ச்சலாகவும் இருக்கலாம். அறுக்க வேண்டாம், வாய்க்காலில் வீசவும் வேண்டாம். வெறுங்கையால் தொடாமல் கால்நடை மருந்தகத்துக்குத் தகவல் சொல்லுங்கள். ஒன்றிரண்டுதான் தூங்குகிறது என்றால் அவற்றைத் தனிக்கூடையால் கவிழ்த்து மூடி வையுங்கள். தீனி வைக்கும்போது நல்ல குஞ்சுகளுக்கு முதலில், சீக்குக் குஞ்சுக்குக் கடைசியில். பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவல்.