அன்னமா, சோறா?

சித்தன்னவாசலுக்குப் போகிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும். குடைவரைக் கோயிலுக்குள் நுழைந்ததும் தூணையும் சுவரையும் அப்புறம் பார்த்துக் கொள்ளலாம் என்று விட்டுவிட்டு, தலையை நிமிர்த்தி மேலே பார்க்க வேண்டும். கழுத்து வலித்தால் என் மேல் பழி போடாதீர்கள். விதானத்தில் ஒரு தாமரைக் குளமே கவிழ்ந்து கிடக்கிறது. பூவும் மொட்டும் இலையும் மண்டிக் கிடக்க, நடுவே மீன்கள் துள்ளுகின்றன. யானை இருக்கிறது, எருமை இருக்கிறது. குளத்தில் இறங்கிப் பூப் பறிக்கிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவுக்கும் இடையில், யாரையும் லட்சியம் செய்யாமல், தன் பாட்டுக்குத் தாமரைத் தண்டுகளுக்கு ஊடே நிற்கிறது அன்னம்.

"பார்த்தீர்களா மாமா, அன்னம் இருப்பதால்தான் அன்னவாசல்!" என்றாள் என் மருமானின் மனைவி.

"போடீ அசடே! வருகிறவர்களுக்கெல்லாம் சோறு போட்ட வாசல். அதனால் அன்னவாசல்" என்றாள் என் அக்காள்.

சாதாரணமாக இப்படி ஒரு பேச்சு வந்தால் சிரித்துவிட்டுப் போய்விடலாம். அன்று முடியவில்லை. அதற்குக் காரணம் சொல்லிவிடுகிறேன்.

என் அக்காளின் பெயர் அன்னம். அவளுக்குப் பேத்தி பிறந்து ஐந்து மாதமாகியிருந்தது. பிறப்புச் சான்றிதழில் பெயர் எழுத வேண்டிய இடம் மட்டும் காலி. பாட்டி பெயரை வைப்பது எங்கள் குடும்ப வழக்கம். மருமானும் அதைத்தான் விரும்பினான். ஆனால் அவன் மனைவிக்குத் தயக்கம். "பள்ளிக்கூடத்தில் 'அன்னம் வந்தாச்சு, சாம்பார் எங்கே?' என்று கேட்பார்களே மாமா" என்று என்னிடம் தனியாகச் சொன்னாள். அது எப்படியோ அக்காள் காதுக்கு எட்டிவிட்டது. அவள் சண்டை போடவில்லை. "என் பேர் என்னோடு போகட்டும், குழந்தைக்கு அழகாக ஏதாவது வையுங்கள்" என்று சொல்லிவிட்டுப் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக் கொண்டாள். சண்டை போட்டிருந்தால் தேவலை என்று எங்கள் எல்லோருக்கும் தோன்றியது.

இந்த நிலையில்தான் ஒரு மாறுதலுக்காகப் புதுக்கோட்டையிலிருந்து வண்டி வைத்துக் கொண்டு புறப்பட்டோம். வந்த இடத்திலும் அன்னமும் சோறும் எதிரே வந்து நின்றால் என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால், இந்த வழக்கில் மாமியாரும் தோற்றார்; மருமகளும் தோற்றாள். கி.பி. 9-ம் நூற்றாண்டில், பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில், இளங்கௌதமன் என்னும் மதுரை ஆசிரியர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார். அதைச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டு அங்கேயே இருக்கிறது. அதில் ஊரின் பெயர் அண்ணல்வாயில். கோயிலின் பெயர் அறிவர் கோயில். அருகிலுள்ள அன்னவாசலில் பறவையும் இல்லை, பருக்கையும் இல்லை, இருந்தவர் அண்ணல். சமணப் பெரியவர்கள் தவம் செய்த மலை அல்லவா? மேலே ஏழடிப்பட்டத்தில் அவர்கள் படுத்த கற்படுக்கைகள் பதினேழு இருக்கின்றன. 'அண்ணல்' தேய்ந்து 'அன்ன' ஆயிற்று. பிறகு கேட்டவர் காதுக்கு ஏற்ப ஓர் அன்னப் பறவை அந்தப் பெயரில் வந்து உட்கார்ந்து கொண்டது.

காது செய்கிற வேலை இது. பிசிராந்தையார் என்றதும் சிலர் மரப் பொந்தில் உருட்டி விழிக்கும் ஆந்தையை நினைத்து முகம் சுளிப்பார்கள். கோப்பெருஞ்சோழனின் உயிர் நண்பருக்கும் அந்தப் பறவைக்கும் சம்பந்தமே வேண்டியதில்லை. ஆதன் தந்தை என்பது ஆந்தை என்று சுருங்கும் என்று தொல்காப்பியம் வழி சொல்லியிருக்கிறது. நேர்மாறாக, புள்ளிருக்குவேளூரில் நிஜமாகவே ஒரு புள் இருக்கிறது. சடாயுவைத்தான் அந்தப் 'புள்' குறிக்கிறது. நாம் வைத்தீஸ்வரன் கோயில் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அதைப் பறக்க விட்டுவிட்டோம்.

பெயரைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்தால் இந்தக் குழப்பம் வராது அல்லவா? அப்படிப் பார்க்கிற ஜனங்களும் இருக்கிறார்கள். சீனர்கள்!

எனக்குச் சீனம் தெரியாது. தெரிந்த மாதிரி பாவனை செய்யவும் போவதில்லை. ஆனால் அவர்கள் எழுத்தில் பறவைகள் படுகிற பாட்டைப் படித்தது முதல் எனக்கு அதில் ஒரு மோகம். பறவை என்பதற்கு அவர்களிடம் இரண்டு குறிகள். கி.பி. 100-ல் ஷூ ஷென் என்ற பண்டிதர் ஓர் அகராதி எழுதி முடித்தார். ஒன்று நீண்ட வாலுள்ள பறவை, மற்றது குட்டை வாலுள்ள பறவை என்று அவர் தீர்ப்புச் சொன்னார். பறவைகள் அந்தத் தீர்ப்பை மதிக்கவில்லை! நீண்ட வாலை இழுத்துக் கொண்டு நடக்கும் காட்டுக் கோழிக்கு வாய்த்தது குட்டை வால் குறி. சேவலை இரண்டு விதமாகவும் எழுதினார்கள். காக்கையின் கதை இன்னும் வேடிக்கை. பறவைக் குறியில் ஒரே ஒரு கோட்டை எடுத்துவிட்டால் காக்கை. எந்தக் கோடு? கண் இருக்க வேண்டிய இடத்துக் கோடு. உடம்பெல்லாம் கறுப்பாயிருக்கிற பறவைக்குக் கண் எங்கே தெரிகிறது என்று காரணம் சொல்வார்கள்.

பெரும்பாலான பறவைப் பெயர்களில் ஒரு பக்கம் பறவைக் குறி, மறு பக்கம் ஒலியைக் காட்டும் வேறோர் எழுத்து. குறியைப் பார்த்தால் 'இது பறவை' என்று தெரியும். மற்றதைப் பார்த்தால் எப்படி உச்சரிப்பது என்று தெரியும்.

இப்போது அன்னத்துக்கு வருகிறேன். நம் சிற்பத்திலும் சித்திரத்திலும் அன்னம் என்று வருவது கழுத்து நீண்ட ஒரு வகை வாத்துத்தான். சீனர்கள் வீட்டில் வளர்க்கிற அந்தப் பெரிய வாத்தை எழுதும்போது, 'நான்' என்ற எழுத்தைப் போட்டுப் பக்கத்தில் பறவைக் குறியைப் போடுகிறார்கள். அதே 'நான்' பக்கத்தில் சாப்பாட்டுக் குறியைப் போட்டால் என்ன ஆகும், சொல்லுங்கள் பார்க்கலாம்? பசி! ஒலி கிட்டத்தட்ட ஒன்றுதான். குரலை ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் வித்தியாசம். நமக்கு அன்னமும் அன்னமும் முட்டிக் கொள்கிற மாதிரியே அவர்களுக்கு வாத்தும் பசியும் காதில் உரசிக் கொள்கின்றன. ஆனால் காகிதத்தில் எழுதிவிட்டால் அது வேறு, இது வேறு.

அதனால் பிள்ளைக்குப் பெயர் வைக்கும் சீனத்துத் தாய் தகப்பன், பெயரைக் கேட்டால் மட்டும் போதாது, எழுதியும் பார்ப்பார்கள். பெண்ணுக்குத் தைலான் குருவி பிடிக்கும். இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் ஹான் சக்கரவர்த்தி ஒருவரின் பட்டத்தரசியாக இருந்த நாட்டியக்காரிக்கு 'பறக்கும் தைலான்' என்று பெயர். அவ்வளவு லேசாக ஆடுவாளாம். சித்தன்னவாசல் தூண்களில் கையை வீசி ஆடுகிற இரண்டு நங்கைகளைப் பார்த்தபோது எனக்கு அவள் ஞாபகம்தான் வந்தது. ஆண்பிள்ளைக்கு என்றால் இன்னும் பெரிதாக வேண்டும். வானத்தை மறைக்கும் 'பெங்' என்னும் கற்பனைப் பறவையை எடுத்துக் கொள்வார்கள். 1990-களில் சீனாவின் பிரதமராயிருந்த லி பெங்கின் பெயரில் இருந்தது அந்தப் பறவைதான். காட்டு வாத்தில் பெரிய வகைக்கு, ஆற்றையும் பறவையையும் சேர்த்து ஓர் எழுத்து உண்டு. 19-ம் நூற்றாண்டில் சீன ராஜதந்திரத்தை நடத்திய லி ஹுங்ஜாங்கின் பெயரில் அது இருக்கிறது. நாரை என்றால் நீண்ட ஆயுள்.

பெயரில் இருக்கிற பறவை ஒரு சாம்ராஜ்யத்தின் தலைவிதியையே மாற்றியதுண்டு. அந்தக் கதையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

சீன சரித்திரத்தில் சக்கரவர்த்தி என்றே பட்டம் சூடி ஆண்ட பெண் ஒருத்திதான்: வூ ஸெட்டியென். 690 முதல் 705 வரை ஆண்டாள். கிழப் பருவத்தில் அவளுக்கு ஒரே யோசனை. தனக்குப் பின் யார்? சொந்தப் பிள்ளைகள் இருவர் இருந்தும், அவர்களைச் சிம்மாசனத்திலிருந்து இறக்கியவளே அவள்தான். அண்ணன் மகன் ஒருவன் தயாராகக் காத்திருந்தான். அவன் பிறந்த வீட்டு வம்சம். ஒரு நாள் அவளுக்குக் கனவு. பெரிய கிளி ஒன்று, இரண்டு சிறகும் ஒடிந்து கிடக்கிறது. டி ரென்ஜியே என்ற கிழ மந்திரியைக் கூப்பிட்டுப் பலன் கேட்டாள்.

கிளியைச் சீனத்தில் இரண்டு எழுத்துக்களால் எழுதுகிறார்கள். முதல் எழுத்தில் பறவையோடு குழந்தை இருக்கிறது. சொல்லிக் கொடுத்ததைத் தாயிடம் குழந்தை படிப்பது போலச் சொல்வதால் என்று விளக்கம் சொல்வார்கள். இரண்டாம் எழுத்தில் பறவையோடு சேர்ந்து இருப்பது 'வூ'. அதுவேதான் மகாராணியின் குடும்பப் பெயர்! மந்திரி அதைப் பிடித்துக் கொண்டார். கிளி என்பது தாங்கள். ஒடிந்த சிறகுகள் தங்கள் பிள்ளைகள் இருவர். அவர்களைத் தூக்கி நிறுத்தினால் சிறகும் நிமிரும் என்றார். மகாராணி அதற்குப் பிறகு அண்ணன் மகனைப் பற்றிப் பேசவில்லை. 698-ல் தொலைவில் வைத்திருந்த மகனை வரவழைத்துப் பட்டத்து இளவரசன் ஆக்கினாள்.

இந்தக் கிளிக்கும் நமக்கும் ஓர் ஒட்டு உண்டு. 720-ம் ஆண்டு, அவள் பேரன் ஆட்சியில், தெற்கு இந்தியாவிலிருந்து தூதர்கள் வந்ததாகச் சீனக் குறிப்புகள் சொல்கின்றன. அனுப்பியவன் காஞ்சிக் கைலாசநாதர் கோயிலைக் கட்டிய பல்லவன் ராஜசிம்மன். காணிக்கையில் ஒன்று, ஐந்து நிறமுள்ள பேசும் கிளி! காஞ்சியிலிருந்து கடல் கடந்து போன கிளி அங்கே என்ன பாஷை பேசியதோ?

அன்னமும் பிரயாணம் போயிருக்கிறது. யுவான் சுவாங் மகத நாட்டில் அம்சத்தின் பெயரால் ஒரு தூபியைக் கண்டார். வானத்தில் பறந்த வாத்து ஒன்று துறவிகளுக்காக உயிரை விட்ட இடம் அது என்று கேட்டு எழுதி வைத்தார். அவர் கொண்டு போன சுவடிகளைக் காக்க 652-ல் சீனத் தலைநகரில் எழும்பிய கோபுரத்துக்குக் காட்டு வாத்துக் கோபுரம் என்று பெயர். இன்றும் சியான் நகரில் அது நிற்கிறது. கோபுரத்தின் பெயர் அந்த மகத நாட்டு அம்சத்திலிருந்து வந்ததென்று சொல்வார்கள். நிஜ வாத்துக்களோ இந்தப் பக்கம் வருகின்றன. தலையில் இரண்டு கறுப்புப் பட்டை போட்ட வாத்துக்கள் திபெத்திலும் மங்கோலியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, இமயத்தைத் தாண்டி, குளிர்காலத்துக்குத் திருநெல்வேலிப் பக்கம் கூந்தன்குளம் வரை வருகின்றன. பாஸ்போர்ட், விசா ஒன்றும் கேட்பாரில்லை.

இதையெல்லாம் ஒரே மூச்சில் நான் குகைக்குள் சொல்லவில்லை. பாதிக்கு மேல் மலையடியில், வேப்ப மர நிழலில், புளிசாதப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக் கொண்டு சொன்னது. வாத்தும் பசியும் கதையைக் கேட்டதும் மருமானின் மனைவி சிரித்துவிட்டாள்.

"அப்போ சீனாவிலும் இதே கஷ்டம்தானா மாமா?"

"கஷ்டம் உண்டு. ஆனால் அவர்கள் பக்கத்தில் ஒரு பறவையைப் போட்டுவிடுகிறார்கள்" என்றேன்.

அவள் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் 'அன்னம்' என்று எழுதினாள். பக்கத்தில் வளைந்த கழுத்தும் ஒரு மூக்குமாகக் கோடு இழுத்தாள். அக்காள் குனிந்து பார்த்தாள்.

"கால் போடலையே" என்றாள்.

"தண்ணீரில் நீந்துகிறது அத்தை. கால் எப்படித் தெரியும்?"

அக்காள் முகத்தைத் திருப்பிக் கொண்டாள். ஆனால் இந்தத் தடவை தலைப்பு கண்ணுக்குப் போகவில்லை. வாயை மறைத்துக் கொண்டது.

அடுத்த வாரம் சான்றிதழில் பெயர் ஏறியது: அன்னம். விஷயம் இத்துடன் முடிந்தது என்று நினைத்தேன். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போனால், குழந்தை எதையோ இழுத்துப் போட்டு உடைத்திருக்கிறது. தாய்க்காரி அதட்டப் போனவள் பாதியில் நிறுத்திவிட்டாள். மாமியார் பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவது? கல்யாணமாகி ஆறு வருஷத்தில் அவள் அந்தப் பெயரை ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொன்னதில்லையாம்!

ஆகையால் இப்போது வீட்டில் அந்தக் குழந்தையை எல்லோரும் கூப்பிடுவது 'கிளி' என்று.