புறாக்கூட்டுக்குப் பின்னால் பேரண்டம்



1964ஆம் ஆண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் ஹோம்டெல் என்ற ஊர். பெல் ஆய்வகத்தின் பெரிய கொம்பு வடிவ ஆன்டெனாவில், ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இரு ஆய்வாளர்களுக்கும் ஓர் இரைச்சல் விடாமல் பதிவாகிக்கொண்டே இருந்தது. எந்தத் திசையில் திருப்பினாலும் அதே அளவு. இரவு பகல் பேதமில்லை. உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றைப் பிடித்து அப்புறப்படுத்தினார்கள். எச்சத்தைச் சுரண்டித் துடைத்தார்கள். தகடுகளின் இணைப்புகளில் அலுமினிய நாடா ஒட்டினார்கள். இரைச்சல் போகவில்லை.

அருகே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் டிக்கியின் குழு, பெருவெடிப்பின் மிச்சக் கதிர்வீச்சைத் தேடக் கருவி செய்துகொண்டிருந்தது. இரு தரப்பும் பேசியதும் விடை கிடைத்தது. பேரண்டம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் விடுபட்ட ஒளிதான் அது! பேரண்டம் விரிய விரிய அதன் அலையும் நீண்டு, நுண்ணலையாகிவிட்டது.

பென்சியாஸ், வில்சன் இருவருக்கும் 1978இல் நோபல் பரிசு. ஒவ்வொரு காரணமாகச் சலிக்காமல் சோதித்து விலக்கிய அந்தப் பொறுமைக்கே தனியாக ஒரு பரிசு தரலாம். அதே ஒளியைப் பின்னாளில் பிளாங்க் விண்கலம் நுணுக்கமாக அளந்தது. அதன்படி பேரண்டத்தின் வயது சுமார் 1,380 கோடி ஆண்டுகள்.