முதலில் கட்டிலை அளந்து பாருங்கள்

குழந்தை பிறப்பதற்கு முன்னால் அதற்கென்று ஒரு சட்டைகூட வாங்கி வைக்க மாட்டார்கள் நம் வீடுகளில். பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்து மடித்து வைப்பதோடு சரி. அந்த நம்பிக்கையை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அதனால் ஒன்று நடக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும் நாளில்தான் தொட்டில் ஞாபகமே வருகிறது. குழந்தையின் அப்பா செல்போனில் நாலைந்து படங்களைப் பார்த்து ஒன்றை வரவழைக்கிறார். ராத்திரி அட்டைப் பெட்டியைப் பிரித்து, திருகாணியை முடுக்கி, கட்டிலுக்குப் பக்கத்தில் நகர்த்திப் போடுகிறார். கொஞ்ச நேரத்தில் குழந்தை அதில் படுத்திருக்கிறது. அந்தத் தொட்டில் அந்தக் கட்டிலோடு பொருந்துகிறதா என்று யாரும் பார்ப்பதில்லை.

நான் திருச்சிக்காரி. அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். உறையூரில் எங்கள் தெருவில் பிள்ளை பிறந்த வீடு என்றால், "நர்ஸம்மாவை ஒரு எட்டு வரச்சொல்லு" என்பார்கள். முன்பெல்லாம் தொப்புள்கொடி, மஞ்சள்காமாலை, பால் கட்டுவது என்றுதான் கேட்பார்கள். இப்போது கட்டிலோரத் தொட்டிலைப் பற்றிக் கேட்கிறார்கள்.

கட்டிலோரத் தொட்டில் என்பது நான்கு காலில் நிற்கும் சின்னப் படுக்கை. மூன்று பக்கம் வலைத்துணிச் சுவர் உயர்ந்திருக்கும். தாயின் பக்கம் இருக்கும் சுவரை ஜிப்பைக் கழற்றிப் பாதிக்கு இறக்கலாம். பட்டையால் பெரிய கட்டிலோடு இறுக்கிக் கட்ட வேண்டும். சிசேரியன் ஆன பெண்ணுக்கு இது பெரிய உதவி. தையல் இழுக்க இழுக்க எழுந்து, நின்று, குனிந்து குழந்தையைத் தூக்க வேண்டாம். கையை நீட்டி அணைத்து எடுத்துப் பால் கொடுத்துவிட்டு, மறுபடி அதன் இடத்தில் படுக்க வைத்துவிடலாம். ராத்திரியில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை விழிக்கும் தாய்க்கு இது எவ்வளவு ஆறுதல் என்று நான் பார்த்திருக்கிறேன்.

அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2022-இல் வெளியிட்ட அறிவுரையும் இதை ஒட்டியதுதான். முதல் ஆறு மாதமாவது குழந்தை பெற்றோரின் அறையிலேயே தூங்க வேண்டும், ஆனால் தனிப் படுக்கையில் தூங்க வேண்டும் என்கிறது அது. ஒரே மெத்தையில் படுத்தால் பெரியவர்களின் தலையணை, போர்வை, புரண்டு படுக்கும் உடம்பு எல்லாமே பச்சைப் பிள்ளைக்கு ஆபத்து. குறைமாதத்தில் பிறந்த குழந்தை, எடை குறைந்த குழந்தை, புகைபிடிப்பவரோ மது குடிப்பவரோ படுக்கும் கட்டில் என்றால் அந்த ஆபத்து இன்னும் கூடும். குழந்தையை நெஞ்சில் போட்டுக்கொண்டு சோபாவில் அப்பா கண்ணயர்வதை நிறைய வீடுகளில் ஆசையாகப் படம் எடுக்கிறார்கள். எல்லாவற்றிலும் மோசமான இடம் அதுதான்.

இனி கட்டிலுக்கு வருகிறேன். நம் வீடுகளில் கட்டில் எப்படி இருக்கிறது? கல்யாணச் சீராக வந்த தேக்குக் கட்டில். சுற்றிலும் மரச்சட்டம் உயர்ந்திருக்கும், மெத்தை அதற்குள் உட்கார்ந்திருக்கும். சட்டத்தின் அகலமே இரண்டு அங்குலம் இருக்கும். வெளியே ஒரு வளைவு, ஒரு செதுக்கல் என்றால் இன்னும் ஓர் அங்குலம். தொட்டிலை எவ்வளவு நெருக்கினாலும் அது சட்டத்தில்தான் முட்டி நிற்கும். பெரிய மெத்தைக்கும் தொட்டிலுக்கும் நடுவில் மூன்று அங்குல வாய்க்கால் விழுந்துவிடும். புதுக் கட்டில்களில் வேறு தொல்லை. அடியில் சாமான் வைக்கிற பெட்டி இருக்கும். கட்டிலுக்கு அடியில் நுழைய வேண்டிய தொட்டில் கால்கள் நுழைய இடமில்லாமல் தொட்டில் தள்ளியே நிற்கும். இந்தத் தொட்டில்களை வடிவமைத்தவர்கள் மனதில் வைத்திருந்தது சட்டம் துருத்தாத, அடியில் காலியாக இருக்கும் கட்டிலை.

அந்த இடைவெளியில் குழந்தையின் முகம் மாட்டினால் அதனால் விடுவித்துக்கொள்ள முடியாது. கத்தவும் முடியாது. தரமான தொட்டில்களின் கையேட்டில் எச்சரிக்கையே போட்டிருப்பார்கள்: தொட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவில் அரை அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் பயன்படுத்தாதீர்கள், அதைத் தலையணையோ துணியோ வைத்து அடைக்காதீர்கள் என்று. அடைப்பதுதான் எல்லோரும் செய்வது. எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாப்பிள்ளை, நல்ல பொறுப்பான பையன், "போர்வையைச் சுருட்டி கெட்டியா அடைச்சுட்டேன், பாருங்கம்மா" என்று காட்டினார். நான் உள்ளங்கையால் அழுத்தினேன். போர்வை கீழே இறங்கிவிட்டது. இரண்டு ராத்திரி தாய் அதன் மேல் கையூன்றி எழுந்தால் அது தானாகவே அமுங்கிப் பள்ளமாகும், முகம் புதைய மெத்தென்ற பள்ளம். அன்றே தொட்டிலின் இறக்கிய பக்கத்தை ஏற்றி ஜிப்பைப் பூட்டச் சொன்னேன். நான்கு பக்கமும் மூடிய தனித் தொட்டிலாகத் தாய்க்கு எட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டார்கள். பால் கொடுக்க ஓர் அடி எடுத்து வைக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

உயரத்தையும் பாருங்கள். இறக்கிய பக்கத்தின் மேல்விளிம்பு பெரிய மெத்தையை விட உயர்ந்து நிற்கக் கூடாது. குழந்தையின் கழுத்து அந்த விளிம்பில் மாட்டும். அதே சமயம் குழந்தையின் மெத்தையிலிருந்து பார்த்தால் அந்தப் பக்கம் நாலைந்து அங்குலத் தடுப்பாவது இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பெரிய மெத்தைக்கு உருண்டு வந்துவிடும். இரண்டும் ஒன்றாகப் பொருந்த வேண்டுமென்றால் காலின் உயரத்தைப் படிப்படியாக மாற்றும் வசதி உள்ள தொட்டில்தான் சரிப்படும். நம்மூர்க் கட்டில் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை.

இன்னொரு சிக்கல் நம் குடும்ப வழக்கத்தில் இருக்கிறது. தலைப்பிரசவம் தாய்வீட்டில். மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குப் போகிறாள். அம்மா வீட்டுக் கட்டிலுக்குப் பொருந்திய தொட்டில் அங்கே பொருந்தாமல் போகலாம். அதனால் வளைகாப்பு சமயத்திலேயே இன்ச் டேப்பை எடுத்து இரண்டு வீட்டுக் கட்டிலையும் அளந்துவிடுங்கள். தரையிலிருந்து மெத்தையின் மேல்பரப்பு வரை எத்தனை அங்குலம், சட்டம் மெத்தைக்கு வெளியே எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது, கட்டிலுக்கு அடியில் கால் நுழைய இடம் இருக்கிறதா, பட்டையைச் சுற்றிக் கட்ட வழி இருக்கிறதா, இவ்வளவும் ஒரு தாளில் இருக்கட்டும். வாங்கத்தானே சாஸ்திரம் தடுக்கிறது, அளப்பதை யாரும் தடுக்கவில்லை. சட்டம் துருத்திக்கொண்டிருந்தால் பக்கம் இறங்கும் தொட்டிலுக்குக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். நான்கு பக்கமும் உயர்ந்த சாதாரணத் தொட்டிலை வாங்கிக் கட்டிலை ஒட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். பாதுகாப்பில் அது எந்த வகையிலும் குறைந்ததில்லை.

மெத்தை விஷயத்தில்தான் வீட்டுப் பெரியவர்களோடு எனக்கு வாதம் வரும். "என்னம்மா இது, கட்டாந்தரை மாதிரி இருக்கு, பிள்ளைக்கு முதுகு வலிக்காதா" என்று ஆச்சிகள் இலவம்பஞ்சு மெத்தையை மேலே விரிப்பார்கள். தொட்டிலோடு வரும் மெத்தை கெட்டியாகத்தான் இருக்கும், இருக்க வேண்டும். பச்சைக் குழந்தையின் தலை கனம், கழுத்தில் பலம் கிடையாது. மெத்தென்ற பஞ்சில் முகம் ஒருபக்கமாகப் புதைந்தால் தான் விட்ட மூச்சுக்காற்றையே அது திரும்பத் திரும்ப இழுக்கும். உள்ளங்கையால் அழுத்திக் கையை எடுத்தால் குழி நிற்காமல் உடனே சமமாக வேண்டும். மெத்தைக்கும் சுவருக்கும் நடுவே இரண்டு விரலுக்கு மேல் நுழையக் கூடாது. மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, இழுத்துச் செருகியது. வேறு மெத்தை வேண்டாம்.

சரிவும் கூடாது. எதுக்களிக்கும் குழந்தைக்கு நல்லது என்று சொல்லித் தலைப்பக்கத்தை உயர்த்தும் வசதியோடு சில தொட்டில்கள் விற்கிறார்கள். சரிவில் படுத்தால் குழந்தையின் தலை முன்னால் தொங்கி முகவாய் நெஞ்சில் முட்டும். மென்மையான மூச்சுக்குழல் மடங்கி அடைபடும். சத்தமே இல்லாமல் நடக்கும் அது. அமெரிக்காவில் ஃபிஷர் பிரைஸ் நிறுவனத்தின் 'ராக் அண்ட் ப்ளே' என்ற சாய்வுப் படுக்கை பத்து வருஷம் அமோகமாக விற்றது. 30-க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்த பிறகு 2019 ஏப்ரலில் சுமார் 47 லட்சம் படுக்கைகளைத் திரும்பப் பெற்றார்கள். 2022-இல் அந்த நாடு 10 பாகைக்கு மேல் சரிந்த குழந்தைப் படுக்கைகளையும், தொட்டிலின் உட்புறம் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்பையும் சட்டம் போட்டுத் தடை செய்தது. அந்தப் பஞ்சுத் தடுப்பைத் தலையணையோடு சேர்த்து 'செட்' என்று இங்கே இன்னமும் பரிசாகக் கொடுக்கிறோம்.

மல்லாக்கப் படுக்க வைத்தால் கக்கிய பால் மூச்சுக்குழலுக்குள் போய்விடும் என்ற பயம் பாட்டிகளுக்கு மட்டுமில்லை, புது அம்மாக்களுக்கும் உண்டு. உண்மை நேர்மாறானது. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கும். மேலேறி வரும் பால் பள்ளத்தில் தங்கும், குழந்தை அதை விழுங்கிவிடும், அல்லது இருமித் தள்ளிவிடும். குப்புறப் போட்டால்தான் மூச்சுக்குழல் கீழே வருகிறது. பிரிட்டனில் 1991-லும் அமெரிக்காவில் 1994-லும் குழந்தையை மல்லாக்கத் தூங்க வையுங்கள் என்று ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு தூக்கத்தில் திடீரென நேரும் சிசு மரணங்கள் பாதிக்கு மேல் குறைந்தன. இவ்வளவு செலவில்லாத மருத்துவத்தை என் பணிக்காலத்தில் நான் வேறு பார்த்ததில்லை.

தொட்டிலுக்குள் குழந்தை மட்டும்தான் இருக்கலாம். தலை உருண்டையாக வரட்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணை, பொம்மை, கிலுகிலுப்பை, குட்டிப் போர்வை எதுவும் வேண்டாம். கையில் கட்டிய வசம்பு வளையலும் கழுத்தில் போட்ட கறுப்புக் கயிறும் தூங்கும்போது கழற்றப்பட வேண்டும். வசம்பு மணி வாய்க்குள் போகும், கயிறு எதிலாவது மாட்டும். திருஷ்டிக்குக் கன்னத்தில் மை வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

கொசுவுக்கு வலைதான் நல்லது. தொட்டிலின் வெளிப்புறம் விறைப்பாகப் போட்டு, குழந்தையின் கைக்கு எட்டாமல் இருக்கும்படி பார்க்க வேண்டும். மூடிய அறையில் கொசுவர்த்தி ஏற்றி வைக்காதீர்கள். குளிப்பாட்டிய பிறகு சாம்பிராணி காட்டுவதையும் அந்த அறையில் செய்யாதீர்கள். எங்கள் ஊர் சித்திரை, வைகாசி வெயிலில் குல்லா, கையுறை, காலுறை என்று மூட்டை கட்டத் தேவையே இல்லை. மின்விசிறி மெதுவாக ஓடட்டும். பிடரியைத் தொட்டுப் பார்த்து வியர்வை இருந்தால் ஒரு துணியைக் குறையுங்கள்.

தூளியைப் பற்றிக் கேட்காமல் யாரும் என்னை விடமாட்டார்கள். அம்மாவின் புடவை வாசத்தில், ஆட்டத்தில், அழுகிற பிள்ளை அடங்கும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் துணி குழிந்து முதுகு வளையும்போது முகவாய் நெஞ்சில் முட்டுவது அங்கேயும் நடக்கிறது. யாராவது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் பகல் நேரத்துக்கு வேண்டுமானால் இருக்கட்டும். தூங்கியதும் எடுத்துச் சமமான படுக்கையில் போட்டுவிட வேண்டும். ராத்திரிக்கு வேண்டவே வேண்டாம். மூத்த குழந்தை உள்ள வீட்டில் வேலை முடிந்த தூளியைக் கொக்கியிலிருந்து கழற்றி வையுங்கள். அதில் ஆடப்போய் கழுத்து இறுகிய செய்தி நம் நாளிதழ்களில் திரும்பத் திரும்ப வருகிறது.

பரம்பரையாக வந்த மரத்தொட்டில் இருந்தால் கம்பிகளுக்கு நடுவே அளந்து பாருங்கள். ஆறு சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டும். பழைய பெயின்ட் உரிந்திருந்தால் அதில் ஈயம் இருக்கலாம். பக்கம் மேலும் கீழும் சறுக்கி இறங்கும் பழைய மாதிரித் தொட்டில்களை அமெரிக்கா 2011-இல் தடை செய்துவிட்டது. பூட்டு கழன்று இடைவெளி விழுந்ததுதான் காரணம்.

கட்டிலே இல்லாத வீடுகளும் நம்மிடம் நிறைய உண்டு. அவர்கள் தொட்டில் வாங்கக் கடன்பட வேண்டாம். கோரைப்பாயில் தாய் படுக்க, அவள் பாய்க்குப் பக்கத்தில் தனியாகக் கெட்டியான சின்ன விரிப்பில், சுவரை ஒட்டாமல், தலையணை எதுவும் அருகில் இல்லாமல், மல்லாக்கப் படுத்த குழந்தை பாதுகாப்பாகவே இருக்கிறது. 2015-இல் தொடங்கி அரசு மருத்துவமனைகளில் கொடுத்த குழந்தைகள் நலப் பரிசுப் பெட்டகத்தில் ஒரு சின்னப் படுக்கையும் கொசுவலையும் உண்டு. அதைப் பலர் பிரிக்காமலேயே பரண் மேல் வைத்துவிட்டார்கள். எடுத்து, கெட்டியாக இருக்கிறதா என்று அழுத்திப் பார்த்துப் பயன்படுத்துங்கள்.

தொட்டில் வாங்கியவர்கள் வாரம் ஒருமுறை பட்டையை இழுத்துப் பாருங்கள், தளர்ந்திருக்கும். கையேட்டில் எழுதிய எடையைக் குழந்தை தொடும்போதோ, கையும் முழங்காலும் ஊன்றி எழப் பார்க்கும்போதோ, எது முன்னால் வருகிறதோ அன்றே அதை நிறுத்திவிட்டு உயரமான தொட்டிலுக்கு மாற்றுங்கள். பெரும்பாலும் ஐந்து, ஆறு மாதத்தில் அந்த நாள் வந்துவிடும். பிறகு அதைச் சொந்தத்தில் யாருக்காவது கொடுப்பதாக இருந்தால் பட்டை, திருகாணி, கையேடு மூன்றையும் சேர்த்துக் கொடுங்கள். பட்டை தொலைந்துபோன தொட்டிலை யாருக்கும் கொடுக்காதீர்கள்.