பூனைக்குட்டியின் வயிறும் வெப்பக் கணக்கும்

ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் மஞ்சக்குப்பத்துத் தெருக்களில், தாயைப் பிரிந்த பூனைக்குட்டிகள் திண்ணையோரங்களில் நனைந்து கிடப்பதைக் காணலாம். இரக்கமுள்ள சிறுவர்கள் அவற்றை வீட்டுக்கு எடுத்து வருவார்கள். உடனே கிண்ணத்தில் பசும்பால் வைக்கப்படும். மறுநாள் குட்டிக்கு வயிற்றுப்போக்கு. உடம்பெல்லாம் அழுக்கு என்று குழாயடியில் குளிப்பாட்டுவார்கள். அதற்கு மறுநாள் குட்டி அசைவற்றுக் கிடக்கும். அன்போடு செய்த இரண்டு செயல்கள் ஏன் இப்படி முடிகின்றன?

சிறிய உடல், பெரிய பரப்பு

பிறந்த பூனைக்குட்டியின் எடை சுமார் 100 கிராம். வளர்ந்த பூனை 4 கிலோ இருக்கும் என்று கொள்வோம். எடையில் 40 மடங்கு வேறுபாடு. ஆனால் உடலின் மேற்பரப்பில் வேறுபாடு ஏறத்தாழ 12 மடங்கே. ஆகவே ஒவ்வொரு கிராம் எடைக்கும் பெரிய பூனையைவிடக் குட்டிக்கு மூன்று மடங்குக்கு மேல் பரப்பு இருக்கிறது. வெப்பம் வெளியேறுவது இந்தப் பரப்பின் வழியாகத்தான். அகன்ற தட்டில் ஊற்றிய காப்பி விரைவில் ஆறிவிடுவது போன்றதே இது.

மேலும், முதல் வாரத்தில் குட்டிக்கு உடல் நடுங்கி வெப்பம் உண்டாக்கிக்கொள்ளும் திறனும் இல்லை. மழை இரவில் 24 டிகிரி செல்சியஸ் நமக்கு இதமாக இருக்கும். குட்டிக்கோ முதல் வாரத்தில் சுற்றுப்புறம் 30 முதல் 32 டிகிரி இருக்க வேண்டும்.

பசும்பால் ஏன் ஒத்துக்கொள்வதில்லை?

பூனைப்பாலில் உள்ள புரதத்தில் பாதிகூடப் பசும்பாலில் இல்லை. பால் சர்க்கரையோ பசும்பாலில் சற்று அதிகம். இதைச் செரிக்க லாக்டேஸ் என்னும் நொதி தேவை. தாய்ப்பால் மறக்கும் பருவத்தில் இந்த நொதி குறையத் தொடங்குகிறது. செரிக்காத சர்க்கரை குடலில் தங்கும்போது, பள்ளியில் நாம் படித்த சவ்வூடு பரவல் நடைபெறுகிறது. உடலின் நீர் குடலுக்குள் இழுக்கப்படுகிறது. மிச்சச் சர்க்கரையை நுண்ணுயிர்கள் நொதிக்கச் செய்து வாயுவை உண்டாக்குகின்றன. விளைவு, வயிற்று உப்புசமும் கழிச்சலும். சின்னஞ்சிறு உடலில் சில தேக்கரண்டி நீர் குறைவதே பெரிய இழப்பு.

பால் மட்டுமே காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. தாய்ப்பால் வழியாகவே உருண்டைப் புழுக்கள் குட்டிக்கு வந்துவிடும். பூனைகளுக்கு வரும் பார்வோ வைரஸ் நோய் இன்னும் கொடியது. வாந்தி, இரத்தக் கழிச்சல், சோர்வு ஆகியவை கண்டால் தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

குளிப்பாட்டுவதா, துடைப்பதா?

ஒரு கிராம் நீர் உடல் சூட்டில் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். இது முழுவதும் 100 கிராம் குட்டியின் உடலிலிருந்தே எடுக்கப்பட்டால், அதன் வெப்பநிலை 6 டிகிரிக்குக் குறையாமல் இறங்கிவிடும். உண்மையில் காற்றும் ஓரளவு வெப்பம் தருகிறது. குட்டியின் உடலும் வெப்பத்தை உண்டாக்குகிறது. ஆனால் நனைந்த குட்டியின் ரோமத்தில் இருப்பது ஒரு கிராம் நீர் மட்டுமல்லவே!

எனவே குளிப்பாட்டாதீர்கள். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால், அழுக்கான இடத்தை மட்டும் துடைத்து, உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஏறத்தாழ மூன்று வாரம் வரை குட்டியால் தானாகச் சிறுநீரோ மலமோ கழிக்க முடியாது. தாய்ப்பூனை நக்கிவிடுவதால்தான் அது நிகழ்கிறது. தாய் இல்லாதபோது, பாலூட்டும் ஒவ்வொரு வேளையும் ஈரப் பஞ்சால் மெல்ல வருடிவிட வேண்டும்.

முதலில் சூடு, பிறகு நீர், அதன்பின் உணவு

குளிர்ந்துபோன குட்டியின் குடல் இயங்குவதில்லை. அதற்குப் பாலூட்டினால் செரிக்காது. மூச்சுக் குழாய்க்குள் போய்விடவும் கூடும். வெந்நீர்ப் புட்டியைத் துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கம் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி விலகிச் செல்ல மறுபக்கம் இடம் இருக்கட்டும்.

அடுத்தது நீர். 1971-இல் வங்கதேசப் போரின்போது, பனகாவ்ன் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலனாபிஸ், உப்பும் குளுக்கோசும் கலந்த நீரைக் காலரா நோயாளிகளுக்குக் குடிக்கக் கொடுத்துப் பல உயிர்களைக் காத்தார். சோடியமும் குளுக்கோசும் சேர்ந்தே குடற்சுவரைக் கடக்கின்றன, நீரும் பின்தொடர்கிறது. பூனைக் குடலிலும் இதே ஏற்பாடுதான். அளவை மட்டும் எடை பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும்.

பிறகே உணவு. பூனைக்குட்டிகளுக்கென விற்கும் பால்மாவே ஏற்றது. குப்புறப் படுத்த நிலையில் சிறுகச் சிறுக ஊட்டுங்கள். குழந்தையைப் போல மல்லாத்த வேண்டாம். நாள்தோறும் எடை பாருங்கள். நல்ல குட்டி நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை கூடும். எடை கூடாவிட்டால் அதுவே முதல் எச்சரிக்கை.

வீட்டு மருந்துகள் கூடாது. நமக்குக் காய்ச்சலுக்குத் தரும் பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். அதை முறிக்கும் ஆற்றல் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. பீனால் கலந்த தரை கழுவிகளும் இதே காரணத்தால் ஆபத்தானவை.

நமது சுத்தம்

சில பூனைகளின் மலத்தில் வரும் டாக்சோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரி, வெளிவந்து ஒன்று முதல் ஐந்து நாட்களுக்குப் பின்னரே தொற்றும் நிலையை அடைகிறது. மணல் தட்டை நாள்தோறும் அப்புறப்படுத்தினால் அபாயம் பெரிதும் குறையும். கருவுற்ற பெண்கள் அவ்வேலையைச் செய்யாதிருப்பது நல்லது. மற்றவர்களும் குட்டியைத் தொட்டபின் சோப்பால் கை கழுவ வேண்டும்.

சுத்தம் என்றால் தண்ணீர் என்றே நாம் பழகிவிட்டோம். பூனைக்குட்டியைப் பொறுத்தவரை, சுத்தம் என்பது உலர்ந்திருப்பதும் சூடாக இருப்பதுமே ஆகும்.