பெட்டி கட்டியாச்சு, கைபேசி தயாரா?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ நான்கு மணி நேரம். கோலாலம்பூருக்கும் அதே அளவு பயணம்தான், பாங்காக்குக்கு இன்னும் சற்றுக் குறைவு. முதன்முறையாக வெளிநாடு கிளம்பும் குடும்பங்களில் பல இந்த மூன்று ஊர்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கின்றன. கிளம்பும் முன் எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: எந்தெந்தச் செயலியைப் போட்டுக்கொள்ள வேண்டும்? அதற்கு முன் கேட்க வேண்டியது, அவற்றை எப்போது போடுவது என்பது. அங்கே போய் இறங்கி, உள்ளூர் சிம் மாற்றிய பிறகு ஒரு செயலியில் பதிவு செய்ய முயன்றால், ஓடிபி கழற்றி வைத்த இந்திய எண்ணுக்குத்தான் போகும். வேலை அங்கேயே நின்றுவிடும். ஆகவே எல்லாவற்றையும் வீட்டில் உட்கார்ந்தே முடித்துவிடுவது நல்லது.

முதலில் வருகை அட்டை. விமானத்தில் பேனா கடன் வாங்கி நிரப்பிய அந்தக் காகிதம் இப்போது இல்லை. சிங்கப்பூருக்கு எஸ்ஜி அரைவல் கார்டு; அந்நாட்டுக் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ செயலியிலோ இணையதளத்திலோ நிரப்பலாம். மலேசியா 2024 ஜனவரி 1 முதல் எம்டாக் என்ற டிஜிட்டல் அட்டையைக் கட்டாயமாக்கியது. தாய்லாந்து 2025 மே 1-இல் டிடாக் என்ற அட்டையைக் கொண்டுவந்தது. மூன்றையும் நாட்டுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். மூன்றும் முற்றிலும் இலவசம். இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே தோற்றமளிக்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். இலவச அட்டைக்குக் கட்டணம் கேட்கும். பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கொள்ளும். முகவரி சிங்கப்பூர் என்றால் gov.sg, மலேசியா என்றால் gov.my, தாய்லாந்து என்றால் go.th என்று முடிகிறதா என்று பார்த்துவிட்டு உள்ளே போங்கள். பணம் கேட்டால் உடனே வெளியேறிவிடுங்கள். இன்னொன்று, இந்த அட்டை விசா ஆகாது. சிங்கப்பூருக்கு இந்தியர்கள் தனியாக விசா எடுத்தாக வேண்டும்.

அடுத்தது பணம். புதிதாக வழங்கப்படும் இந்திய டெபிட், கிரெடிட் கார்டுகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை மூடப்பட்டே வரும். 2020 அக்டோபர் முதல் நடைமுறையில் உள்ள ரிசர்வ் வங்கி விதி அது. உங்கள் வங்கியின் செயலிக்குள் போய், வெளிநாட்டுப் பயன்பாடு, கடையில் தேய்ப்பது, தட்டிச் செலுத்துவது, ஏடிஎம் ஆகிய ஒவ்வொன்றையும் திறந்து, தினசரி வரம்பையும் குறித்துவிட வேண்டும். சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயிலிலும் பேருந்திலும் ஏறும்போது விசா, மாஸ்டர்கார்டு அட்டையைத் தட்டினாலே போதும், தனிப் பயண அட்டை வாங்க வேண்டியதில்லை. ஆனால் வீட்டிலேயே அந்த வசதியைத் திறந்து வைத்திருந்தால்தான் கதவு திறக்கும். கடையில் இயந்திரம் "ரூபாயிலா, உள்ளூர் நாணயத்திலா" என்று கேட்டால் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள். ரூபாயில் காட்டும் மாற்று விகிதம் பெரும்பாலும் நமக்கு நஷ்டம்தான். சிங்கப்பூரில் சில கடைகளில் யுபிஐ-யும் செல்லும். அதற்கும் சர்வதேச யுபிஐ வசதியைச் செயலியில் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும்.

ஓடிபி பிரச்சினைக்கு நல்ல தீர்வு இசிம். கைபேசியில் *#06# அழுத்திப் பாருங்கள். ஐஎம்இஐ எண்களோடு இஐடி என்று ஒரு நீண்ட எண்ணும் வந்தால் உங்கள் கைபேசி இசிம்மை ஏற்கும். ஏராலோ போன்ற செயலியில் போகும் நாட்டின் டேட்டா பொதியை வாங்கி வீட்டு வைஃபையிலேயே நிறுவிவிடலாம். இந்திய சிம் அதன் இடத்திலேயே இருக்கும். கிளம்பும் முன் அதில் ரோமிங்கை இயக்கச் சொல்லி, டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிட்டால் வங்கியின் குறுஞ்செய்தி வந்துகொண்டிருக்கும், பில்லும் எகிறாது.

கூகுள் மேப்ஸில் ஊரின் வரைபடத்தைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதி பலருக்கும் தெரியும். இணையம் இல்லாதபோது அது காரில் போகும் வழியைத்தான் சொல்லும், நடக்கும் வழியையும் பேருந்து, ரயில் வழியையும் சொல்லாது என்பது தெரிந்தவர்கள் குறைவு. நடந்து ஊர் சுற்ற ஆர்கானிக் மேப்ஸ் என்ற இலவசச் செயலியை நான் பரிந்துரைப்பேன். விளம்பரம் கிடையாது, இணையமே இல்லாமல் நடைபாதை வரை காட்டும். கூகுள் ட்ரான்ஸ்லேட்டில் தாய்லாந்து மொழியோடு தமிழையும் தரவிறக்கி வையுங்கள். ஆங்கிலம் பழகாத அப்பா, அம்மா பாங்காக் கடையில் தாங்களே தமிழில் தட்டிக் காட்டி விலை கேட்கலாம். பிள்ளைகள் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

டாக்சிக்கு மூன்று ஊர்களுக்கும் கிராப் ஒன்றே போதும். ஊபர் தன் தென்கிழக்காசியத் தொழிலை 2018-இல் கிராபிடம் விற்றுவிட்டு வெளியேறிவிட்டது. கிராபில் கட்டணம் ஏறும் முன்பே தெரியும், ரொக்கமாகவும் கொடுக்கலாம்.

விமான நிலையத்தில் டிஜியாத்ரா செயலியை நம்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள். அது உள்நாட்டுப் பயணத்துக்கு மட்டும். வெளிநாட்டுக்கு அடிக்கடி போய் வருகிறவர்களுக்கு மத்திய அரசின் விரைவுக் குடிநுழைவுத் திட்டம் இருக்கிறது. 2025 ஜனவரியில் சென்னைக்கும் செப்டம்பரில் திருச்சிக்கும் வந்தது. இணையத்தில் இலவசமாகப் பதிந்து, கைரேகையும் முகப்படமும் கொடுத்துவிட்டால் தானியங்கிக் கதவு வழியாகப் போகலாம்.

வேலைக்காக வளைகுடாவுக்குக் கிளம்புகிறவர்களுக்கு இவற்றையெல்லாம்விடத் தேவையானது இமைகிரேட். வெளியுறவு அமைச்சகத்தின் இந்தத் தளத்துக்கு 2024 அக்டோபர் முதல் செயலியும் உண்டு. உங்களை அனுப்பும் முகவர் பதிவு பெற்றவரா என்று அதில் பெயரைத் தட்டிப் பார்க்கலாம். பதிவு பெற்றவர் ஒரு தொழிலாளரிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய், ஜிஎஸ்டி தனி. லட்சக்கணக்கில் கேட்கிறவரிடம் நகையை அடகு வைத்துக் கொடுப்பதற்கு முன் இந்த ஒன்றைப் பார்த்துவிடுங்கள். துபாயில் வாட்ஸ்அப் செய்தி போகும், அழைப்பு போகாது. அங்குள்ளவர்கள் போடிம் செயலியில் பேசுகிறார்கள். ஊரில் இருப்பவர் கைபேசியிலும் அதைப் போட்டு, கிளம்பும் முன்பே பேசிப் பழகிக்கொள்ளலாம். சம்பளம் தராவிட்டாலோ பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்தாலோ புகார் செய்ய வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ (MADAD) என்ற தளம் இருக்கிறது. பாஸ்போர்ட்டின் முதல் பக்கமும் வேலை ஒப்பந்தமும் படமாக வீட்டில் ஒருவரிடம் இருந்தால், அந்தப் புகாரை அவர் இங்கிருந்தே பதியலாம்.