கதவில் ஒரு டிக்கெட்

நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் கன அளவு. நமக்கு இது மார்க் வாங்கும் கணக்கு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர ஏழைகளுக்கோ தூக்கத்தைக் கெடுத்த கணக்கு.

1862-ஆம் ஆண்டுச் சட்டப்படி, மூன்று அறைக்கு மிகாத சிறு வீடுகளை நகராட்சி அளந்தது. கன அளவையும், எத்தனை பேர் தங்கலாம் என்பதையும் பொறித்த உலோகத் தகட்டை வாசலில் அடித்தது. இவைதான் 'டிக்கெட் வீடுகள்'. பெரியவர் ஒருவருக்கு முதலில் 300 கன அடி. 1890-க்குப் பின் 400. சின்னக் குழந்தைக்கு அதில் பாதி. 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரமுள்ள அறை என்றால் மூன்று பெரியவர்கள், அவ்வளவுதான். நெரிசலில் காய்ச்சலும் காசநோயும் பரவியதே இதற்குக் காரணம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் சுகாதார ஆய்வாளர்கள் நள்ளிரவில் கதவைத் தட்டினார்கள். கூடுதல் ஆட்கள் கட்டிலுக்கடியில், அலமாரிக்குள், ஏன், கூரை மேலேகூட ஒளிந்தார்கள்! பிடிபட்டால் அபராதம். வாடகை கட்ட முடியாமல்தானே வெளியாளைச் சேர்த்தார்கள்? அபராதமும் கட்டச் சொன்னால் எங்கே போவார்கள்?

கணக்கு சரிதான். ஆனால் டேப் பிடித்து அளந்தால் அறை பெரிசாகிவிடுமா? 1915-இல் வாடகை உயர்வை எதிர்த்துப் பெண்கள் திரண்டார்கள். 1919 சட்டத்துக்குப் பிறகு அரசு மானியத்தில் நகராட்சியே வீடு கட்டத் தொடங்கியது.

நாளைக்கு நாமும் டேப்போடு ஒரு வீட்டுக்குள் நுழைவோம். எத்தனை பேர் என்று எண்ணுவதோடு, ஏன் இத்தனை பேர் என்றும் கேட்போமா நண்பர்களே?